மதுரையில் உள்ளரங்க சைக்கிள் பயிற்சி: வகுப்பில் சேர்வதா, வீட்டுக்கு இயந்திரம் வாங்குவதா?

எடையைக் குறைக்கவும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவும், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதைத் தவிர்க்கவும் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் பயிற்சியைத் தொடங்க எண்ணும் ஒருவருக்கு மதுரையில் இன்று நான்கு வழிகள் உள்ளன. ஜிம்மில் பயிற்றுநர் முன்னால் அமர்ந்து நடத்தும் குழு வகுப்பில் சேரலாம். அதே ஜிம்மில் ட்ரெட்மில்லுக்குப் பக்கத்தில் நிற்கும் சாதாரண எக்ஸர்சைஸ் சைக்கிளைத் தம் போக்கில் மிதிக்கலாம். வீட்டுக்கே ஓர் இயந்திரம் வாங்கலாம். சொந்தமாக நல்ல சைக்கிள் வைத்திருப்பவர் அதை ட்ரெய்னர் என்ற தாங்கியில் பொருத்தி அறைக்குள்ளேயே ஓட்டலாம். இந்த நான்கில் புதிதாகத் தொடங்குபவருக்கு, வேறு நோய்த்தொல்லை இல்லாத பட்சத்தில், முதல் இரண்டு மூன்று மாதங்கள் குழு வகுப்பே ஏற்றது என்பதும், இயந்திரம் வாங்குவது அதன் பிறகு எடுக்க வேண்டிய முடிவு என்பதும் என் கருத்து. எந்தக் கடையும் விற்காத இரண்டு விஷயங்கள் தொடக்கத்தில் தேவைப்படுகின்றன. இருக்கையைத் தம் உடலுக்கு ஏற்ப அமைக்கத் தெரிவது ஒன்று; எவ்வளவு சுமையில் எவ்வளவு நேரம் மிதிக்கலாம் என்று கால்களுக்கும் மூச்சுக்கும் பிடிபடுவது மற்றொன்று. இவ்விரண்டையும் பக்கத்தில் நின்று கற்றுத்தர ஒருவர் வேண்டும்.

சாலையிலேயே ஓட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். அழகர்கோவில் சாலையில் விடியற்காலையில் ஓட்டுவதற்கு ஈடாக எந்த அறையும் ஆகாது. நேரமும் பழக்கமும் உள்ளவர்கள் அதையே செய்யட்டும். ஆனால் அந்த நேரம் காலை ஏழு மணியோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு ஷேர் ஆட்டோக்களுக்கும் பேருந்துகளுக்கும் இடையில் சீரான வேகத்தில் இருபது நிமிடம் மிதிப்பது நகருக்குள் முடியாத காரியம். சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் நாட்களில் மாலையிலும் தார்ச்சாலை அனல் வீசும். தெருநாய்கள் துரத்துவதற்கு அஞ்சியும், தனியாகச் செல்லத் தயங்கியும் பெண்கள் பலர் சாலையைத் தவிர்க்கிறார்கள். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குத்தான் ஓய்வு கிடைக்கும் வங்கி ஊழியருக்கோ கடைக்காரருக்கோ உள்ளரங்கப் பயிற்சி நடைமுறைக்கு ஒத்துவருவது இதனால்தான்.

குழு வகுப்பின் தன்மையைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தென்னாப்பிரிக்காவிலிருந்து குடியேறிய சைக்கிள் வீரர் ஜானி கோல்ட்பெர்க் வடிவமைத்த பயிற்சி முறையிலிருந்து வளர்ந்தது இது. ‘ஸ்பின்னிங்’ என்பது ஒரு நிறுவனத்தின் பதிவு செய்யப்பட்ட வணிகப் பெயர் என்றாலும், ஜிம்களில் எல்லோரும் இந்த வகுப்பைப் பொதுவாக அப்படியே அழைக்கிறார்கள். வகுப்பு பெரும்பாலும் முக்கால் மணி நேரம் நடக்கும். ஐந்து முதல் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றுவது, பிறகு சமதளத்தில் போவதுபோல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 முதல் 110 சுற்று வேகத்தில் மிதிப்பது, மேடேறுவதுபோல் சுமையைக் கூட்டி 60 முதல் 80 சுற்றில் மிதிப்பது, இடையிடையே எழுந்து நின்று மிதிப்பது, இறுதியில் வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பது என்று பயிற்றுநர் பாட்டுக்கேற்ப நடத்திச் செல்வார். ‘லோடு ஏற்றுங்கள்’ என்று அவர் சொல்லும்போது, கைப்பிடிக்குக் கீழே உள்ள குமிழை ஒவ்வொருவரும் தம் பலத்துக்கேற்பத் திருகுகிறார்கள். அறை முழுவதும் ஒரே பாட்டுக்கு ஒரே வேகத்தில் மிதித்தாலும் ஒவ்வொருவரும் தாங்கும் சுமை வேறு. இருபத்தைந்து வயது இளைஞரும் ஐம்பது வயது அம்மாவும் ஒரே வகுப்பில் பக்கம் பக்கமாகப் பயிற்சி பெறுவதற்கு இதுவே வழிசெய்கிறது. மற்ற குழுப் பயிற்சிகளில் இந்த வசதி குறைவு.

வகுப்பில் பயன்படும் ஸ்பின் பைக் என்ற இயந்திரத்தின் முன்பகுதியில் கனமான சுழல்சக்கரம் ஒன்று உண்டு. பல மாடல்களில் அது பெடலோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருக்கும். சாலைச் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் கால் ஓய்வெடுக்கும்; இதில் கால் நின்றாலும் சக்கரத்தின் வேகம் பெடலைத் தொடர்ந்து சுழற்றிக்கொண்டே இருக்கும். இது தெரியாமல் வேகத்தில் காலை எடுக்க முயன்றால் பெடல் கணுக்காலிலோ கெண்டைக்காலிலோ பலமாக அடிக்கும். குமிழை அழுத்தினால் சக்கரம் உடனே நிற்கும் என்பதையும், சுமை ஏதும் இல்லாமல் அதிவேகமாக மிதிக்கக் கூடாது என்பதையும் முதல் நாளிலேயே சொல்லித்தரும் வகுப்பே நல்ல வகுப்பு. சேலை, வேட்டி, தொளதொளப்பான பேண்ட், துப்பட்டா ஆகியவற்றோடு இதில் ஏறவே கூடாது. சுடிதார் அணிபவர்கள் கால் பகுதி ஒட்டினாற்போல் இருக்கும் உடைக்கு மாற வேண்டும். ஷூ கயிற்றை உள்ளே செருகிக்கொள்ள வேண்டும்.

இருக்கை அமைப்புக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரம் உள்ளவர் இதையே வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். வீட்டில் சைக்கிள் வாங்கியவர்கள் ‘மிதித்தால் முட்டி வலிக்கிறது’ என்று சொல்லி அதில் துணி காயப்போடத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் உயரம் தவறாக வைக்கப்பட்ட இருக்கையே காரணம். சைக்கிளுக்குப் பக்கத்தில் நேராக நின்றால் இருக்கையின் மேற்பரப்பு இடுப்பெலும்பின் உயரத்துக்கு வர வேண்டும். இது தோராயமான தொடக்கம். பிறகு ஏறி உட்கார்ந்து, பெடல் மிகக் கீழே இருக்கும்போது முழங்கால் ஏறக்குறைய 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழங்கால் இதைவிட அதிகமாக மடங்கினால் இருக்கை தாழ்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது முட்டிச்சில்லின் மீது அழுத்தம் கூடி முட்டியின் முன்பக்கம் வலி எடுக்கும். கால் முழுவதும் நீண்டுவிட்டால் இருக்கை மிக உயரம். இடுப்பு இருபுறமும் ஆடும், முட்டியின் பின்பக்கத்திலும் இடுப்பிலும் வலி வரும். அடுத்ததாக இருக்கையை முன்பின் நகர்த்த வேண்டும். இரு பெடல்களும் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக ஒரே உயரத்தில் இருக்கும் நிலையில், முன்னால் உள்ள முழங்காலின் சில்லு பெடலின் அச்சுக்கு நேர் மேலே வந்தால் போதும். பாதத்தின் அகன்ற முன்பகுதி அச்சின் மேல் படிய வேண்டும். குதிகாலாலோ உள்ளங்கால் குழிவாலோ மிதிப்பது தவறு. புதியவர்களும் முதுகுவலி உள்ளவர்களும் கைப்பிடியை இருக்கையைவிடச் சற்று உயர்த்தி வைத்துக்கொள்ளலாம். இதைப் படித்துவிட்டு ஒருவர் தாமாகவே அமைத்துக்கொள்ள முடியும் என்றாலும், மிதிக்கும்போது தம் இடுப்பு ஆடுவதைத் தாமே பார்ப்பது கடினம். பின்னால் நின்று ஒருவர் பார்த்து ஒரு துளை மேலே, ஒரு துளை கீழே என்று மாற்றிச் சொல்வதற்காகவே வகுப்புக் கட்டணத்தைக் கொடுக்கலாம்.

வகுப்பின் குறைகளும் சிறியவை அல்ல. முதலாவது, கூட்டத்தின் வேகம். பக்கத்தில் இருப்பவர் எழுந்து நின்று மிதிக்கும்போது நாமும் எழ வேண்டும் என்ற உந்துதல் வருவது இயற்கை. பழகாதவருக்கு அதில் உண்மையான ஆபத்து இருக்கிறது. ராப்டோமயோலிசிஸ் என்ற தசைச்சிதைவு, உள்ளரங்க சைக்கிள் வகுப்பில் முதன்முறையாக மிதமிஞ்சி மிதித்தவர்களிடம் ஏற்பட்டிருப்பதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. பழக்கமில்லாத தொடைத் தசைகள் சிதைந்து, அவற்றில் உள்ள மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. வகுப்புக்குப் பிறகு ஓரிரு நாட்களில் தொடை தாங்க முடியாமல் வலித்து வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், சாதாரண உடல்வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இது அரிதானது, பயந்து ஒதுங்கத் தேவையில்லை. ஆனால் முதல் வகுப்பில் பாதி நேரம் மட்டும் மிதிப்பதும், எழுந்து நிற்கும் பகுதிகளில் உட்கார்ந்தே இருப்பதும், சேர்ந்தாற்போல் இரு நாட்கள் போகாமல் ஒருநாள் இடைவெளி விடுவதும் இதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடும். ‘முதல் நாளே முழுசா முடிச்சிடுங்க’ என்று உற்சாகப்படுத்தும் பயிற்றுநரைவிட ‘இருபது நிமிடம் போதும், இறங்கிக்கொள்ளுங்கள்’ என்று சொல்பவரிடமே நான் ஒருவரை அனுப்புவேன்.

இரண்டாவது குறை பயணம். நகரத்துக்குள் வசிப்பவருக்கு வகுப்பு பத்து நிமிடத் தொலைவில் கிடைக்கலாம். திருமங்கலத்திலிருந்தோ மேலூரிலிருந்தோ முக்கால் மணி நேர வகுப்புக்காகப் பேருந்தில் வந்துபோகிறவர் பயிற்சி செய்வதைவிட இரு மடங்கு நேரத்தைச் சாலையில் செலவிடுவார், அது நீடிக்காது. அவர்கள் தங்கள் ஊரிலுள்ள ஜிம்மில் இருக்கும் சாதாரண சைக்கிளையோ வீட்டு இயந்திரத்தையோ தேர்ந்தெடுப்பதே நல்லது. மூன்றாவது குறை ஒலி. சில அறைகளில் பாட்டு காதைப் பதம்பார்க்கும் அளவுக்கு ஒலிக்கிறது. 85 டெசிபலைத் தாண்டிய ஒலியில் நீண்ட நேரம் தொடர்ந்து இருப்பது செவிக்குக் கெடுதி. ஒலிபெருக்கிக்கு எதிரே உள்ள சைக்கிளைத் தவிர்ப்பதும் காதடைப்பான் வைத்துக்கொள்வதும் அதற்கு எளிய தீர்வுகள்.

ஜிம்மில் தனியே மிதிக்கும் வழியைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இதய நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள், முட்டி தேய்ந்தவர்கள், அறுபதைக் கடந்தவர்கள் ஆகியோருக்கு இதுவே வகுப்பைவிடப் பொருத்தமானது. அதிலும் முதுகுச் சாய்வோடு அமர்ந்து கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் ரிகம்பண்ட் வகைச் சைக்கிள் இருந்தால் இடுப்புக்கும் சமநிலைக்கும் இன்னும் நல்லது. இவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எச்சரிக்கை; அதன் காரணங்களையும் சேர்த்துச் சொல்வது பயன் தரும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் நாடித்துடிப்பு கூடுவதைத் தடுக்கின்றன. ஆகவே, திரையில் தெரியும் துடிப்பைப் பார்த்து ‘இன்னும் ஏற்றலாம்’ என்று முடிவு செய்வது இவர்களுக்குத் தவறாகப் போகும். இன்சுலினும் சிலவகைச் சர்க்கரை மாத்திரைகளும் எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போதோ அதற்குச் சில மணி நேரம் கழித்தோ சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடக்கூடும். குளுக்கோஸையோ மிட்டாயையோ பையில் வைத்திருக்க வேண்டும். துடிப்பு மானி இல்லாமலே அளவை அறிய எளிய வழி பேச்சுதான். மிதித்துக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிந்து, பாட மட்டும் முடியாமல் போனால் அது மிதமான பயிற்சி; நாலைந்து சொற்களுக்கு மேல் மூச்சு விடாமல் பேச முடியாவிட்டால் அது தீவிரமான பயிற்சி.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடத் தீவிரப் பயிற்சி தேவை. வாரம் மூன்று வகுப்புகள் என்றால் சூடேற்றலையும் குளிர்விப்பையும் கழித்தாலும் தீவிரப் பயிற்சிக்கான அளவு நிறைவேறிவிடும். தனியே மிதமாக மிதிப்பவர் வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். எந்த வழியில் அந்த எண்ணிக்கையைத் தம்மால் உண்மையாகவே எட்ட முடியும் என்ற கேள்விதான் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும்.

இனி வீட்டு இயந்திரம். பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையிலிருந்து பல பத்தாயிரங்கள் வரை இவை கிடைக்கின்றன. முன்னால் விசிறி வைத்து, கைகளையும் ஆட்டும் ஏர் பைக் வகை கடுமையான பயிற்சி தரும். ஆனால் அதன் இரைச்சல் அதிகம். பஞ்சுப்பட்டை சக்கரத்தில் உரசிச் சுமை தரும் வகை மலிவு. பட்டை தேய்ந்ததும் மாற்ற வேண்டும், நாளடைவில் கீச்சிடும். காந்தத்தால் சுமை தரும் வகையில் எதுவும் உரசாததால் சத்தம் மிகக் குறைவு. மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில், கீழே வீட்டுக்காரரும் மேலே குடித்தனமுமாக இருக்கும் வீடுகளில் விடிகாலை ஐந்து மணிக்கு மிதிப்பதற்குக் காந்த வகையைத் தவிர வேறொன்றை நான் சொல்லமாட்டேன். அடியில் தடித்த ரப்பர் விரிப்பும் போட வேண்டும். நல்ல ஸ்பின் பைக் 40, 50 கிலோ எடை இருக்கும். குறுகலான மாடிப்படியில் அதைத் திருப்ப முடியுமா என்று அளந்து பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. குமிழால் சுமையை மாற்றும் இயந்திரங்களுக்கு மின்சாரம் தேவையில்லை என்பது இன்னொரு நன்மை. மாதாந்தரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தப்படும் நாளிலும் மிதிக்கலாம்.

ஆனால் அன்றைக்கு மின்விசிறி ஓடாது. இது சாதாரண விஷயமாகத் தோன்றினாலும் மதுரைக்காரர்களுக்கு முக்கியமானது. சாலையில் ஓட்டும்போது எதிர்க்காற்று வியர்வையை உலர்த்தி உடலைக் குளிர்விக்கிறது. நின்ற இடத்தில் மிதிக்கும்போது அந்தக் காற்று இல்லாததால், அதே உழைப்புக்கு உடல் வெப்பம் கூடுதலாக ஏறுகிறது, இதயமும் கூடுதலாகத் துடிக்கிறது. வெயில் காலத்தில் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில், மாலையில், விசிறி இல்லாமல் மிதிப்பது மயக்கத்துக்கு வழி. இயந்திரத்துக்கு ஒதுக்கும் பணத்திலேயே, நேர் எதிரே வைக்க ஒரு ஸ்டாண்ட் ஃபேனுக்கும் ஒதுக்கிவிட வேண்டும். வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போதும் அறையில் காற்றோட்டம் எப்படி என்று முதலில் பார்க்க வேண்டும். தண்ணீர் பாட்டிலை அருகில் வைத்து இடையிடையே குடிப்பதும், முடிந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு டம்ளர் குடிப்பதும் வியர்வையில் போன நீரையும் உப்பையும் ஈடுசெய்யும். ஜிகர்தண்டாவை அந்த வேளைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அதிலுள்ள சர்க்கரையும் பாலும் ஐஸ்கிரீமும் எடை குறைக்க வந்தவருக்கு உதவாது. திரை காட்டும் கலோரிக் கணக்கை நம்பி அதைக் குடிப்பவர்கள், அந்த எண் ஒரு தோராய மதிப்பீடு என்பதையும், பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

ட்ரெய்னர் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஏற்கெனவே சாலையில் ஓட்டுபவர், மழைக்காலத்திலும் பயிற்சி விடாமலிருக்க விரும்புபவர், தம் சைக்கிள் தமக்குப் பொருந்தியிருப்பதை அறிந்தவர் ஆகியோருக்கு இது மிக நல்லது. புதிதாகத் தொடங்குபவர் சைக்கிளும் ட்ரெய்னரும் சேர்த்து வாங்குவதில் பொருளில்லை.

சேர முடிவு செய்தவர்கள் பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பார்க்கக் கேட்க வேண்டும். புதிதாக வருபவரின் இருக்கையைப் பயிற்றுநர் தாமே வந்து சரிசெய்கிறாரா, வகுப்பு நடக்கும்போது தம் சைக்கிளிலிருந்து இறங்கிச் சுற்றி வருகிறாரா, உடல்நிலை பற்றி முன்கூட்டிக் கேட்கிறாரா என்பவை முதலில் கவனிக்க வேண்டியவை. சைக்கிள்களில் வியர்வையால் துருப்பிடித்த குமிழ்களும் ஆடும் பெடல்களும் இருந்தால் அந்த இடத்தில் பராமரிப்பு இல்லை என்று அறியலாம். கடினமான உழைப்புக்குப் பிறகு திடீரென நிறுத்தினால் ரத்தம் கால்களில் தேங்கித் தலைசுற்றும். ஆகையால் கடைசி ஐந்து நிமிடக் குளிர்விப்பைச் சுருக்கி அடுத்த குழுவை உள்ளே விடும் ஜிம்மைத் தவிர்க்க வேண்டும். பெண்களுக்குத் தனி வகுப்பு உண்டா, அதைப் பெண் பயிற்றுநர் நடத்துகிறாரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். ‘வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பாதி விலை’ என்ற சலுகை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் முதலில் ஒரு மாதத்துக்கும், பிறகு மூன்று மாதத்துக்கும் மட்டும் கட்டுவதே சரி. இரண்டாம் மாதத்தில் வருகை குறைவது பலருக்கும் நேர்வது. அதன் விலையை முன்கூட்டியே ஓராண்டுக்குச் செலுத்தத் தேவையில்லை.

எந்த வழியில் சென்றாலும் இந்தப் பயிற்சி தராத ஒன்றை வேறிடத்தில் தேட வேண்டியிருக்கும். உடல் எடையை இருக்கை தாங்குவதால் முட்டிக்கு இதம் கிடைக்கிறது. அதே காரணத்தால் எலும்புக்கு வேண்டிய தாக்கம் கிடைப்பதில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்புத் தேய்மானம் விரைவுபடும் வயதில் இது கவனிக்கத்தக்கது. வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும், தெப்பக்குளத்தைச் சுற்றியோ ரேஸ்கோர்ஸ் மைதானத்திலோ நடையும் சேர்த்துக்கொண்டால் அந்தக் குறை தீரும்.

மூன்று மாதம் கழித்து, வாரம் மூன்று நாள் தவறாமல் போயிருந்து, பயணமும் கட்டணமும் மட்டுமே தடையாகத் தெரிந்தால், வீட்டுக்கு இயந்திரம் வாங்கலாம். அப்போதும் புதியதையே வாங்க வேண்டியதில்லை; அதிகம் பயன்படுத்தப்படாத பழைய இயந்திரங்கள் விற்பனைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. நேரில் சென்று பெடல் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து, சுமையைக் கடைசிவரை ஏற்றி இறக்கி, இருக்கைக் கம்பத்தின் உள்ளே துரு இருக்கிறதா என்று கவனித்து, பத்து நிமிடமாவது மிதித்துப் பார்க்க வேண்டும். வகுப்பில் எந்த எண்ணில் இருக்கையை வைத்திருந்தோம் என்ற குறிப்பு வேறு மாடலுக்குப் பொருந்தாது. ஆகவே கடைசி வகுப்பன்று, பெடல் தண்டின் மைய அச்சிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை உள்ள உயரத்தை ஓர் அளவுநாடாவால் எடுத்து, கைபேசியில் குறித்துக்கொண்டு வர வேண்டும். தண்டின் நீளம் ஒத்திருந்தால் புதிய இயந்திரத்திலும் அதே உயரத்தில் தொடங்கி, தேவைப்பட்டால் சிறிதளவு மாற்றிக்கொள்ளலாம்.